ஆறு கண்ணாடித் துண்டுகள்

ஜனவரி 2, வெள்ளி

டைரி எழுதுகிற ரகம் இல்லை நான். சிமெண்ட் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் பால்காரர் வராத நாளைக் குறித்து வைப்பதோடு சரி. இந்த வருஷம் எழுதியே ஆக வேண்டும் என்று சொன்னவர் குலசேகரன் சார். எனக்கு முன்னால் இதே வெள்ளாங்கரைப் பேரூராட்சியில் செயல் அலுவலராக இருந்தவர். ஓய்வு பெறுகிற அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, மாலையும் சால்வையும் மேஜையில் காத்திருக்க, சஸ்பெண்டு ஆர்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஏழு வருஷமாகக் கேஸ் நடக்கிறது.

"செண்பகம், உனக்குக் கடைசி அஞ்சு மாசம். நடந்ததைத் தினமும் எழுதி வையி. நாளைக்கு எவனாவது மெமோவத் தூக்கிட்டு வந்தா, உனக்காக ஒருத்தனும் பேச மாட்டான். அதுதான் பேசும்" என்றார்.

எனக்கு மே 31-ல் ஓய்வு. முப்பத்தாறு வருஷ சர்வீசில் ஒரு மெமோ வாங்கியதில்லை. என் ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் திருத்தல் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜனவரி 7

பஜாரில் நிற்கிற மேல்நிலைத் தொட்டியைப் பார்க்க உதவிப் பொறியாளர் ஜெபசிங் வந்தார். சின்ன வயசு, முப்பது இருக்கும். ஆனாலும் வேலை தெரிந்தவர். ஊருக்கே தண்ணீர் கொடுப்பது இந்த ஒரு தொட்டிதான். கட்டி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. ஆறு தூணில் நாலில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

புதுத் தொட்டி தெற்கே கட்டிக்கொண்டிருக்கிறோம். ஏப்ரலில் முடிந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் சத்தியம் செய்கிறார். அதுவரைக்கும் பழசை ஓட்ட வேண்டும்.

ஜெபசிங் ஆறு விரிசல்களின் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டுகளை சிமெண்ட் வைத்து ஒட்டினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு பெயிண்டில் நம்பரும் '7.1' என்று தேதியும் எழுதினார்.

"விரிசல் அசைஞ்சா கண்ணாடி ஒடஞ்சிரும் மேடம். ஒண்ணு ஒடஞ்சாலும் அன்னைக்கே தொட்டியக் காலி பண்ணிருங்க. எங்கிட்ட போன் போட்டுக் கேக்கணும்னு இல்ல. அதுவரைக்கும் பாதித் தண்ணிதான் ஏத்தணும். திங்கக்கிழமை திங்கக்கிழமை ஆறையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிருங்க."

எழுத்திலும் கொடுத்தார். பைலில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

முதல் போட்டோ போயிற்று. ஆறும் நலம்.

போட்டோ எடுப்பது தளவாய். தொட்டி ஆப்ரேட்டர். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, குளோரின் கலப்பது எல்லாம் அவன்தான். பதினாலு வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரம் ஆக்கச் சொல்லி அவன் கொடுத்த மனு என் மேஜையில்தான் இருக்கிறது. நான் பரிந்துரை எழுதி மேலே அனுப்ப வேண்டும். சொன்ன சொல்லைத் தட்டாதவன். ஒரு வேலையை இரண்டு தரம் சொல்ல வைக்க மாட்டான். போன வருஷம் தணிக்கைக்கு முதல் நாள், பம்ப் ரூம் சுவரில் இருந்த எண்ணெய்க் கறையைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். இப்படி நாலு பேர் இருந்தால் போதும், ஆபீஸ் ஓடிவிடும்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 21

பாதித் தண்ணீர் என்று ஜெபசிங் சுலபமாகச் சொல்லிவிட்டார். பாதி ஏற்றினால் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. பூக்கார உலகம்மாள் காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல், பைலுக்கு நடுவில், டங்கென்று வைத்துவிட்டாள்.

"ரெண்டு வாரமாச்சி மேடம். தண்ணி வருதா, காத்து வருதான்னு கொழாயில காத வச்சிப் பாக்கோம். காத்துக்கும் சேத்து வரி போடப் போறியளா?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "குடத்த எடு மொதல்ல" என்றேன். அவள் போன பிறகு பைலில் வட்டமாக ஈரம்.

என் வாடகை வீடும் மேட்டுத்தெருவில்தான். தளவாய் காலையில் சைக்கிளில் இரண்டு குடம் கொண்டுவந்து வைக்கிறான். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

காலையிலேயே எரிச்சல். நாலாம் நம்பர் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. தலைவர் கொம்பையா வேறு கூட நின்றார். பேரூராட்சித் தலைவர் முன்னால் நம் ஆபீஸ் லட்சணம் இப்படியா தெரிய வேண்டும்?

"எப்படி ஒடஞ்சிச்சி?"

"தெரியல மேடம். காலைல வந்து பாத்தேன், ரெண்டாக் கெடக்கு."

"பயலுவ பந்து எறிஞ்சிருப்பானுவ. நீ என்ன பண்ணிட்டிருந்த? ஒரு கண்ணாடித் துண்டப் பாத்துக்கிட முடியல, ஒனக்கு நிரந்தர வேலை ஒரு கேடா? இன்னைக்கு நான் என்னத்தப் போட்டோ அனுப்ப?"

அவன் முகம் செத்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேனோ என்று இருந்தது. பத்து மணிக்கு நான் வார்டு இன்ஸ்பெக்‌ஷன் முடித்து வரும்போது புதுத் துண்டு வாங்கி ஒட்டி, அதே மாதிரி நம்பர் எழுதியிருந்தான். போட்டோ போயிற்று.

பந்துதான். விரிசல் அசைந்து உடைந்திருந்தால் பக்கத்துக் கண்ணாடிகளும் உடைந்திருக்க வேண்டுமே. ஜெபசிங்குக்கு அடுத்த தடவை பேசும்போது சொல்லிவிடலாம். இப்போது அவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆறும் நலம்.

பிப்ரவரி 13

மேட்டுத்தெருப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் சனம் தண்ணீருக்கு வரட்டும். தொட்டிக்கு அடியிலேயே எட்டுக் குழாய் போட்டு, குடம் வைக்க சிமெண்ட் மேடை கட்டச் சொல்லிவிட்டேன். பத்து நாள் வேலை. கவுன்சிலில் எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். கொம்பையா, "மேடம் ரிட்டயர் ஆனா இந்த ஊரு தவிச்சிப் போயிரும்" என்றார். அவர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

ஆறும் நலம்.

பிப்ரவரி 25

குழாய் திறப்பு. தலைவர் தேங்காய் உடைத்தார். முதல் குடம் உலகம்மாளுக்கு. வரிசையில் எழுபது எண்பது பேர். நிழல் வேறு இருக்கிறது, தொட்டி நிழல். வரிசையில் நிற்கிறவர்களுக்கு வெயில் படாது என்பதை நான் யோசித்துச் செய்யவில்லை. தானாக அமைந்தது.

"நல்லா இருப்பிய மேடம்" என்று உலகம்மாள் ஒரு முழம் மல்லிகை கொடுத்தாள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் பூ வைப்பதில்லை. வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றவில்லை. வாங்கி மேஜையில் வைத்தேன். சாயங்காலம் வரை ஆபீஸ் மணந்தது.

பிப்ரவரி 28

படத்துக்கு பிரேம் போடுகிற கடைக்காரர் பஜாரில் மறித்தார். "என்ன மேடம், ஆபீசு சன்னல் பூராம் மாத்துதியளா? ஒங்க தளவாய் வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து துண்டுக் கண்ணாடி வாங்கிட்டுப் போறாவளே."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சாமி படம் எதற்காவது சட்டம் போடுகிறான் போல.

மார்ச் 2, திங்கள்

நானே தொட்டியடிக்குப் போய் நின்று போட்டோ எடுக்கச் சொன்னேன். ஆறும் நலம். இரண்டாம் நம்பரிலும் ஐந்தாம் நம்பரிலும் '7.1' என்ற எழுத்து பளபளவென்று இருந்தது. கிட்டே போனால் பெயிண்ட் வாசனைகூட வந்தது. வெயில் படாத இடம், பெயிண்ட் காய நாளாகும்.

தளவாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரியா இருக்கா மேடம்?" என்றான். சரி என்றேன்.

மார்ச் 10

வருஷத்துப் புளி வாங்கிப் போட்டேன். ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள். ஓய்வு பெற்றதும் அங்கேயே வந்துவிடு, தனியாக அங்கே என்ன வேலை என்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதைச் சொல்லாமல் சொல்கிறாள். போகலாம் என்றுதான் இருக்கிறேன். மெமோ எதுவும் இல்லாமல், கையில் ஆர்டரோடு, பஸ் ஏறிவிட்டால் போதும்.

மார்ச் 18

புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோதனை பார்த்தார்கள். அடியில் ஊறுகிறது. பூசி, காய வைத்து, மறுபடி நிரப்ப வேண்டும். மே கடைசி என்கிறார் ஒப்பந்தக்காரர். "ஏப்ரல்னு சத்தியம் பண்ணீங்களே" என்றேன். "அது வேற சத்தியம் மேடம்" என்று சிரிக்கிறார். செவிட்டில் அறையலாம் போல இருந்தது.

மே கடைசி என்றால் என் கடைசி நாளும் அதுதான்.

மார்ச் 20

நேற்று முழுக்க யோசித்தேன். பழைய தொட்டியை இப்போதே காலி செய்துவிட்டால் என்ன? காலி செய்தால் பதினாறாயிரம் பேருக்குத் தண்ணீர் கிடையாது. லாரி வைத்து ஊற்ற அனுமதி வாங்கவே இருபது நாள். அதற்குள் மறியல், கலெக்டர், விளக்கம் கேட்டுக் கடிதம். ஏன் காலி செய்தாய் என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் உடைந்த கண்ணாடி ஒன்றுகூட இல்லை. பத்து வாரப் போட்டோவும் ஆறும் நலம் என்கிறது.

மார்ச் 24

தளவாயின் பைலை அனுப்பிவிட்டேன். 'பணியில் மிகுந்த கவனமும் கீழ்ப்படிதலும் உள்ளவர்' என்று என் கையாலேயே எழுதினேன். அவனிடம் சொன்னதும் கைகூப்பிவிட்டான். அவன் மனைவி ஆவுடைத்தங்கம் ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்தாள். "பதினாலு வருசம் மேடம். ஒங்க கையாலதான் நடக்கணும்னு இருந்திருக்கு" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 30, திங்கள்

ஆறும் நலம்.

ஏப்ரல் 3

அம்மன் கோயில் கொடை விழா. ஊர் முழுக்க விருந்தாளி. மூன்று நாளைக்கு மட்டும் தொட்டியை முழுசாக ஏற்றச் சொல்லிக் கொம்பையா உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். "சொந்தக்காரன் முன்னால மானம் போகுது மேடம். மூணே நாள்."

எழுத்தில் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்றேன். எழுத்தில் யார் கேட்டது என்றார்.

தளவாயிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "செய்திருதேன் மேடம்" என்றான்.

ஏப்ரல் 6, திங்கள்

கொடை நல்லபடியாக முடிந்தது. மேட்டுத்தெருவிலும் தண்ணீர் வந்தது. மூன்று மாசத்துக்குப் பிறகு என் வீட்டுக் குழாயில் சத்தம் கேட்டேன். இன்றிலிருந்து மறுபடி பாதி.

ஆறும் நலம்.

ஏப்ரல் 8, புதன்

மணி 11.10. ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

காலை ஒன்பதரைக்குத் தொட்டியடிக்குப் போனேன். குழாய் வரிசை கலைந்துவிட்டது, யாரும் இல்லை. தளவாய் நாலாம் தூணுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சிமெண்ட் குழைத்து வைத்திருந்தான். ஒட்டி முடித்து எழுந்து, என்னைப் பார்த்துத் திடுக்கிட்டான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்குள், இரண்டு பேர் கண் முன்னாலேயே, அப்போது ஒட்டிய கண்ணாடி 'டிக்' என்று இரண்டாகப் பிளந்தது. அவன் பழக்கத்தில் பைக்குள் கையை விட்டு அடுத்த துண்டை எடுத்தான். பைக்குள் தாளில் சுற்றி ஒரு கட்டு இருந்தது.

"எத்தன ஒட்டிருக்க?"

"இருவத்தேழு மேடம்."

"எப்பருந்து?"

"அன்னைக்கு நீங்க ஏசுனியள்ளா, அதுலருந்து. மொதல்ல வாரத்துக்கு ஒண்ணு, பொறவு ரெண்டு மூணு. கொடைக்குப் பொறவு தினமும் ரெண்டு." கையில் இருந்த துண்டைக் காட்டி, "போட்டோவுக்குள்ள மாத்திருவேன் மேடம். ஒரு திங்கக்கிழம கூட விடல" என்றான்.

 எனக்குத் தெரியாதா என்ன என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அதை இப்போது எழுத வேண்டாம்.

உடனே தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். ஆபீசுக்கு வந்து ஜெபசிங்குக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கடிதம் தட்டச்சு ஆகிறது.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் தளவாய் போன் செய்தான். "வாஷ் அவுட் வால்வத் தொறந்துட்டேன் மேடம். தண்ணி பூராம் ஓடையில போகுது. சனம் பாத்துட்டு கொடத்தோட ஓடி வந்துட்டு. காம்பவுண்டு கேட்டப் பூட்டிட்டேன். பூட்டப் போட்டு ஆட்டுதாவ, ஏசுதாவ. சித்திரை பொறக்கப் போற நேரத்துல குடிதண்ணிய ஓடையில விடுதியளேன்னு உலகம்மா மண்ண வாரித் தூத்துதா. என்ன செய்யட்டும்?"

எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு லட்சம் லிட்டர். "தொறந்து விடுய்யா. பிடிச்சிட்டுப் போகட்டும். சீக்கிரம் பிடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்றேன்.

காலியாக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றான். ஆகட்டும்.

வெளியே என்னவோ சத்தம்.

ஏப்ரல் 9

நாலு பேர்.

உலகம்மாள். பிரேமகுமாரி, மேட்டுத்தெரு இரண்டாவது வீடு. கருத்தப்பாண்டி, டீக்கடை. சுபிக்‌ஷா, ஆறாம் வகுப்பு, மத்தியானப் பரீட்சைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குக் குடம் தூக்க வந்தவள்.

ஏப்ரல் 10

பதினொரு பேர் ஆஸ்பத்திரியில். தளவாய்க்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. தொட்டி இடிவதற்கு முன்னால் கத்திக்கொண்டே சனத்தை வெளியே தள்ளினானாம். இருபது முப்பது பேர் அதனால்தான் பிழைத்தார்கள் என்கிறார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 12

மனசு கொஞ்சம் தெளிந்த பிறகு நடந்ததைச் சரியாக எழுதி வைக்கிறேன்.

எட்டாம் தேதி காலை கண்ணாடி உடைந்ததை நேரில் கண்டவுடன் தாமதமின்றித் தொட்டியைக் காலி செய்ய உத்தரவிட்டேன். வளாகத்துக்குள் எவரையும் அனுமதிக்கக் கூடாது என்றும் கேட்டைப் பூட்டி வைக்க வேண்டும் என்றும் ஆப்ரேட்டருக்குத் தொலைபேசியில் தெளிவாக அறிவுறுத்தினேன். கண்ணாடிகள் மாற்றப்பட்டு வந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது.

எட்டாம் தேதிப் பக்கத்தில் கடைசியில் சில வரிகளை அடித்திருக்கிறேன். பதற்றத்தில் தவறாக எழுதியது. அடித்தாலும் படிக்க முடிகிறது. பேனாவை மாற்றி இன்னொரு தரம் அடித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ஊரில் ஒரு வீட்டிலும் கோலம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தளவாயைப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். காலை எடுத்துவிட்டார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். ஆவுடைத்தங்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

நலம் விசாரித்தேன். பைல் இன்னும் மேலே உயிரோடுதான் இருக்கிறது, நான் நல்லபடியாக வெளியே வந்தால் நாலு பேரிடம் சொல்ல முடியும், நானும் மாட்டிக்கொண்டால் சொல்வதற்கு ஆள் இல்லை என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னது. வேறு ஒன்றும் பேசவில்லை.

தளவாய் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஆவுடைத்தங்கம்தான் "ஒங்களுக்கு ஒண்ணும் வராது மேடம்" என்றாள்.

ஏப்ரல் 22

லாரியில் தண்ணீர். அனுமதி இரண்டே நாளில் வந்தது. நாலு பேர் செத்தால் இருபது நாள் இரண்டு நாளாகிவிடும் போலிருக்கிறது.

இப்போது எனக்குக் குடம் கொண்டுவந்து வைக்க ஆள் இல்லை. இன்று காலை நானே குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசியில் நின்றேன். ஏசுவார்கள், ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.  முன்னால் நின்ற பிரேமகுமாரியின் மாமியார் திரும்பிப் பார்த்தாள். "மேடம் முன்னால போங்க" என்றாள். ஒவ்வொருத்தியாக விலகினார்கள். நான் முன்னால் போய்ப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். 

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மே 5

என்னை உதவி இயக்குநர் ஆபீசோடு இணைத்திருக்கிறார்கள். காலையில் போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் வர வேண்டும். வேலை எதுவும் கொடுப்பதில்லை.

ஜெபசிங்கை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். அவரே போன் செய்தார். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பதிமூணு வாரம் போட்டோ பாத்தேன் மேடம். அந்தத் தொட்டியில ஒரு கண்ணாடி கூட ஒடையலையேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. நேர்ல போய்ப் பாக்கணும்னு நெனச்சேன். ஆச்சரியப்பட்டதோட விட்டுட்டேன்." அப்புறம் அவரே கேட்டார். "உங்களுக்கு ஒரு தடவ கூடச் சந்தேகம் வரலியா மேடம்?"

இல்லை என்றேன்.

மே 15

நெஞ்சு படபடப்பு. டாக்டர் ஒன்றும் இல்லை, தூங்குங்கள் என்கிறார்.

பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமோ என்று மட்டும் இல்லை. அந்தச் சுபிக்‌ஷாவின் அம்மா ஒருநாள் நேரே வந்து, உள்ளே விடச் சொன்னது யார் என்று கேட்டுவிடுவாளோ என்று இருக்கிறது.

மே 21, வியாழன்

இன்று விசாரணை.

விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தளவாய் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார்.

'கண்ணாடிகளை நானாகவே மாற்றினேன். செயல் அலுவலருக்குத் தெரியாது. தொட்டியைக் காலி செய்யும்போது கேட்டைப் பூட்டி வைக்கும்படியும், யாரையும் உள்ளே விடக் கூடாது என்றும் செயல் அலுவலர் போனில் கண்டிப்பாகச் சொன்னார்கள். சனம் கெஞ்சியதால் நானாகவே திறந்துவிட்டேன்.'

என் டைரியில் நான் எழுதியதையே வாசிக்கிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லிக் கொடுத்தேனா? சொல்லிக் கொடுத்தேன். எழுதவில்லை, அவ்வளவுதான். போலீஸ்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள், இரண்டு தரம் சொன்னேன்.

"இது சரிதானாம்மா?" என்றார்.

 மேஜையில் வைத்த தண்ணீரைக் குடித்தேன். நாலு பேரின் பெயரும் அவர் முன்னால் இருந்த தாளில், நம்பர் போட்டு, வரிசையாக இருந்தது. இல்லை சார், நான்தான் திறக்கச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தேன், அது உண்மை.

"சரிதான் சார்" என்றேன்.

"அப்ப ஒங்க மேல பெருசா ஒண்ணும் நிக்காது. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நீங்க போகலாம்." போட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் தளவாய் உட்கார்ந்திருந்தான். அடுத்து அவன் முறை. ஒரு பக்கம் போலீஸ்காரர், ஒரு பக்கம் ஆவுடைத்தங்கம். வேட்டி முழங்காலோடு மடித்துச் செருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். ஆவுடைத்தங்கம் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

கடந்து போய்விடலாம் என்று வேகமாக நடந்தேன். "மேடம்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். நின்றேன். போலீஸ்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நான் எழுதிக் குடுத்தது சரியா இருந்திச்சா மேடம்? ஏதும் விட்டுப் போயிருந்தா சொல்லுங்க, இப்ப உள்ள போயிச் சேத்துச் சொல்லிருதேன்."

"சரியா இருந்திச்சி தளவாய். ஒண்ணும் விடல" என்றேன்.

அவனுக்கு முகம் தெளிந்துவிட்டது.